ஹோய் ஆனில் சூட் தைத்தல்: அளவுச் சீட்டு முதல் கடைசி ட்ரையல் வரை

வியட்நாமில் ஹோய் ஆன் என்ற ஊரில் ஒரு சூட், அதே துணியில் கூடுதலாக ஒரு பேன்ட், இரண்டு பருத்திச் சட்டை தைத்துக்கொண்டேன். சுற்றுலா போகிற இடத்தில் துணி தைக்கக் கொடுக்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று, எந்தக் கட்டத்தில் எதைப் பார்த்தேன், எங்கே பிசகியது, அதை எப்படிச் சரிசெய்ய வைத்தேன் என்று வரிசையாக எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் உங்களுக்கு அளவெடுப்பவர் ஒருவர், தைப்பவர் வேறொருவர். அளவெடுப்பவர் கடையில் இருப்பார். தைப்பவர் நாலு சந்து தள்ளி ஒரு வீட்டில் இருப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் போய்வருவது ஒரு சீட்டும் ஒரு மோட்டார் சைக்கிளும்தான். எனக்குப் பிசகியதெல்லாம் அந்த நடுவில்தான்.

ஹோய் ஆன் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் சீன, ஜப்பானிய வணிகர்கள் பட்டும் பீங்கானும் வாங்க வந்த துறைமுகம். பிறகு ஆற்றில் மணல் மேவி, கப்பல் போக்குவரத்து பக்கத்து நகரமான டா நாங்குக்கு நகர்ந்துவிட்டது. பழைய வீடுகள் அப்படியே நின்றதால் 1999இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இப்போது அந்த மஞ்சள் சுவர் வீடுகளில் பாதி தையல் கடை. ட்ரான் ஃபூ, லே லோய், ட்ரான் ஹூங் டாவ் தெருக்களில் நடந்தால் வாசலுக்கு வாசல் சூட் மாட்டிய பொம்மை நிற்கிறது. விமான நிலையமும் ரயில் நிலையமும் டா நாங்கில்தான், ஏறக்குறைய 30 கிலோமீட்டர்.

பல கடைகளில் "24 மணி நேரத்தில் சூட்" என்று பலகை இருக்கும். பொய் இல்லை, தைத்துத் தருவார்கள். ஆனால் சூட் தையலுக்குப் பேர்போன லண்டன் சவில் ரோ தெருவில் ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை என்று கணக்கு சொல்கிறார்கள். அதை ஒரு இரவில் முடிக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். விடுவது பெரும்பாலும் கோட்டின் மார்புக்கு உருவம் கொடுக்க உள்ளே வைத்துத் தைக்கும் கேன்வாஸ் துணியும், ட்ரையலுக்கும் ட்ரையலுக்கும் இடையே இருக்க வேண்டிய நேரமும்தான். அதனால் ஊருக்குப் போன அன்றே துணி கொடுத்துவிட்டு, பார்க்க வேண்டிய இடங்களை மீதி நாட்களில் வைத்துக்கொண்டேன். புறப்படுவதற்கு முன் ஒரு நாள் முழுதாகக் காலியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் கறார். சாந்திர வருடப் பிறப்பான தேத் பண்டிகையை ஒட்டி, அதாவது ஜனவரிக் கடைசி, பிப்ரவரியில், கடைகள் அடைத்திருக்கும். அக்டோபர், நவம்பரில் து போன் ஆறு பெருகினால் பழைய நகரத் தெருவில் படகு விடுவார்கள்; அந்த வாரத்தில் யாரும் கோட்டு தைக்க மாட்டார்கள்.

பெட்டியில் என்ன கொண்டுபோனேன் என்பது முக்கியம். சூட்டோடு போடப்போகிற தோல் ஷூ ஒரு ஜோடி. உள்ளே போடப்போகிற மாதிரி முழுக்கைச் சட்டை ஒன்று. எனக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு பழைய பேன்ட், அளவுக்கு. பயணத்தில் எல்லோரும் டீ-ஷர்ட்டும் செருப்புமாகத்தான் கடைக்குள் போகிறார்கள், அப்படியே அளவும் கொடுக்கிறார்கள். செருப்பில் எடுத்த பேன்ட் நீளம் ஷூவில் வேறு மாதிரி விழும். சட்டைக் கை எங்கே முடிகிறது என்று தெரியாமல் கோட்டுக் கையின் நீளத்தை எப்படி முடிவு செய்வது? கோட்டுக் கைக்குக் கீழே சட்டை ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் தெரிய வேண்டும் என்பது எனக்குப் பிடித்த கணக்கு.

துணி

கடையில் என்னைக் கவனித்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. அங்கே தன்னைவிட மூத்த பெண்ணை 'சி' என்பார்கள், நம் அக்கா மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன், இங்கேயும் அக்கா என்றே எழுதுகிறேன். நல்ல மனுஷி, வியாபாரத்தில் கெட்டி. முதலில் எடுத்துப் போட்டது ஒரு கருநீலத் துணி. "இத்தாலி, சூப்பர் 150, முழுக் கம்பளி" என்றார். துணியின் ஓரக் கரையிலும் அப்படியே நெய்திருந்தது. ஓரக் கரையில் எழுத்து நெய்வது எந்த ஆலைக்கும் கஷ்டமில்லை, அதனால் அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

சூப்பர் எண் என்பது கம்பளி இழை எவ்வளவு மெலிது என்பதற்கான குறி. சூப்பர் 100 என்றால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது. 120 என்றால் 17.75, 150 என்றால் 16.25. எண் ஏற ஏறத் துணி மெத்தென்று இருக்கும், கூடவே சீக்கிரம் கசங்கும், உட்காரும் இடத்தில் சீக்கிரம் பளபளக்கும். வாரத்துக்கு ஒரு முறையாவது போடப்போகிற சூட்டுக்கு 100, 110 தாராளம். பாலியஸ்டர் கலந்த துணிக்கு இந்தக் குறியைப் போடுவதே தவறு.

அக்காவிடம் கேட்டு ஓரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நெடுக்கு நூல் கொஞ்சம், குறுக்கு நூல் கொஞ்சம் தனித்தனியாகப் பிரித்து, திரித்து, லைட்டரில் காட்டினேன். தனித்தனியாகப் பார்ப்பது ஏனென்றால் நெடுக்கில் கம்பளியும் குறுக்கில் பாலியஸ்டருமாக நெய்த துணி உண்டு. கம்பளி எரியும்போது தலைமுடி கருகும் வாடை வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், மிஞ்சுகிற கரி விரலில் நசுங்கித் தூளாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும், நகத்தால் நசுக்க முடியாது. கையில் வந்தது இரண்டும். வாடை கம்பளியுடையது, ஆனால் நுனியில் நெறுநெறுவென்று மணி. கலப்பு.

உள்ளே போய் அந்தக் கருகிய நுனியை மேசைமேல் வைத்தேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே அலமாரிக்குப் பின்னால் போய் வேறொரு மாதிரிப் புத்தகத்தை எடுத்து வந்தார். விலையும் மேலே போனது. அதிலிருந்து எடுத்த கருநீலத் துணியில் இரண்டு நூலும் தூளானது. கலப்புத் துணி மோசம் என்று நான் சொல்லவில்லை. கசங்காது, விலை குறைவு, பலருக்கு அதுவே போதும். முழுக் கம்பளி விலையில் கொடுப்பதுதான் பிரச்சினை. பட்டும் கம்பளி மாதிரியேதான் எரியும் என்பதால், அங்கே குவித்துவைத்திருக்கும் பட்டுத் துணிகளுக்கும் இதே சோதனை செல்லும்.

வெயில் ஊரில் போடுவதற்கு ஒரு சதுர மீட்டருக்கு 240, 250 கிராம் எடையில், கொஞ்சம் இடைவெளி விட்டு நெய்த துணியாகப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் லேசாக வெளிச்சம் ஊடுருவ வேண்டும். ஆனால் உள்ளே முழுக்க பாலியஸ்டர் லைனிங் கொடுத்தால் இந்தக் காற்றோட்டமெல்லாம் வீண். முதுகில் மேல்பாதி மட்டும் லைனிங், அதுவும் விஸ்கோஸ் என்று கேட்டுக்கொண்டேன்.

துணி முடிவானதும் அந்தத் துண்டை இரண்டாக வெட்டினேன். பாதியைச் சீட்டில் ஸ்டேப்ளர் அடிக்கச் சொன்னேன், மீதிப் பாதி என் பர்ஸில். பின்னால் இது வேலைக்கு வந்தது.

சீட்டு

அளவெடுக்கும்போது நெஞ்சை நிமிர்த்தி வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பது மனித சுபாவம். அந்தக் கோட்டு அப்புறம் அப்படி நிற்கிற ஆளுக்குத்தான் பொருந்தும். கைபேசி, சாவி, பர்ஸ் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டு, சும்மா நிற்கிற மாதிரி நின்றேன். டேப் வைத்தவர் ஓர் இளம்பெண். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல அக்கா எழுதினார். முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று படமும் எடுத்துக்கொண்டார்கள். அது நல்ல பழக்கம். வலது தோள் எனக்குக் கொஞ்சம் இறக்கம், அதைச் சொன்னேன், படத்திலும் தெரிந்தது.

மார்பு, இடுப்பு, தோள், கை எல்லாம் சீட்டில் ஏறிய பிறகு, நான் வாயால் சொன்னவை எதுவும் ஏறவில்லை என்பதைக் கவனித்தேன். அரை கேன்வாஸ், அதாவது மார்புப் பகுதிக்கு மட்டும் கேன்வாஸ், வேண்டும் என்று பேசி, விலையும் பேசியாகிவிட்டது. சீட்டில் அந்த வார்த்தை இல்லை. லைனிங் பாதி முதுகு என்பது இல்லை. வலது தோள் இறக்கம் என்பதும் இல்லை. தைக்கிறவர் கையில் கிடைக்கப்போவது இந்தத் தாள் ஒன்றுதான், அதில் இல்லாதது அவருக்குத் தெரிய வழியில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லி, அக்கா வியட்நாமிய மொழியில் எழுத, எழுதியதை எனக்குத் திரும்பப் படித்துச் சொல்லச் சொன்னேன். கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைச் சீட்டின்மேல் காட்டி ஒருமுறை சரிபார்த்தேன். அக்காவுக்கு லேசாகக் கோபம் வந்திருக்கலாம். பரவாயில்லை.

சீட்டில் ஏற்றியவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். பேன்ட் பின்தையலிலும் கோட்டின் பக்கத் தையல்களிலும் உள்ளே 3 சென்டிமீட்டர் துணி விட வேண்டும். உடம்பு ஒரே மாதிரி இருப்பதில்லை. கோட்டுக் கைநுனியில் காஜா எடுக்கக்கூடாது, கடைசி ட்ரையலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திறக்கிற காஜாவை முதலிலேயே வெட்டிவிட்டால் கை நீளத்தை அப்புறம் ஒரு சென்டிமீட்டர்கூட நகர்த்த முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, முதல் ட்ரையல் கச்சா தையலில் வேண்டும். அதாவது மெஷினில் மூடுவதற்கு முன்னால், வெள்ளை நூலில் நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்ட நிலையில். லைனிங் ஏறியிருக்கக் கூடாது, பாக்கெட் வெட்டியிருக்கக் கூடாது. அக்கா தயங்கினார், ஒரு நாள் கூடுதலாகும் என்றார். அந்த ஒரு நாள் என்னிடம் இருந்தது.

விலை: சூட் 58 லட்சம் டாங், கூடுதல் பேன்ட் 15 லட்சம், சட்டை ஒன்று 7 லட்சம். ஒரு டாலர் ஏறக்குறைய 25,000 டாங் என்று போட்டுக்கொண்டால் பயம் போய்விடும். பாதி முன்பணம். அங்கே ஆகப் பெரிய நோட்டே ஐந்து லட்சம் டாங், 10,000 டாங்கும் அதற்கு மேலும் உள்ள நோட்டெல்லாம் பிளாஸ்டிக். அந்தக் கடையில் கார்டுக்கு 3 சதவீதம் கூடுதல் என்றார்கள், ரொக்கமாகவே கொடுத்தேன். மீதிப் பாதி கடைசி ட்ரையலுக்குப் பிறகு என்று அதையும் சீட்டில் எழுதியாயிற்று. கிளம்பும் முன் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டேன்.

முதல் ட்ரையல்

கச்சா தையலில் கோட்டைப் பார்ப்பது ஒரு தனி சந்தோஷம். மார்புப் பகுதியில் குதிரை முடி கலந்த கேன்வாஸ் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, அதன்மேல் சாய்வுச் சாய்வாகத் தையல். தைத்து முடித்த கோட்டில் இதைக் கிள்ளிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்: காஜாவுக்கு மேலே வெளித்துணியையும் உள்துணியையும் இரண்டு விரலால் பிரித்து இழுத்தால், நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியாக நழுவ வேண்டும். நழுவாமல் வெளித்துணியோடு ஒட்டியிருந்தால் அது பசை வைத்து இஸ்திரி போட்டு ஒட்டியது. பசை ஒட்டியதும் நன்றாகத்தான் இருக்கும், சில வருடம். மழையிலும் டிரை கிளீனிங்கிலும் அடிபட்டு பசை விட்டால் மார்பில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், அதைச் சரிசெய்ய வழி கிடையாது.

கண்ணாடி முன்னால் நின்றால் முன்பக்கம் அருமையாக இருந்தது. முன்பக்கம் எப்போதுமே அருமையாகத்தான் இருக்கும், கடைக்காரர்கள் விற்பது முன்பக்கத்தை. முதுகைப் பார்க்கத் திரும்பினால் கோட்டும் சேர்ந்து திருகிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நின்ற இன்னொரு பயணியிடம் கைபேசியைக் கொடுத்து, கைகளைத் தொங்கவிட்டு நின்று, பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் படம் எடுக்கச் சொன்னேன்.

மூன்று விஷயம் தெரிந்தது. காலருக்குக் கீழே முதுகின் குறுக்காக ஒரு மடிப்பு, விரல் தடிமனுக்கு உருண்டு நின்றது. வலது தோளுக்குக் கீழே அக்குள் பக்கமாகச் சாய்வான சுருக்கங்கள். இடது கையின் பின்பக்கம் தோளிலிருந்து முழங்கை வரை துணி அலை அலையாகத் தொங்கியது.

முதலாவதற்குக் காரணம், முதுகுத் துணி என் நிற்கும் வாகுக்கு நீளமாக இருப்பது. காலரைப் பிரித்து, மிச்சமாக உள்ள அந்த உருளையை மேலே ஏற்றி, காலரைத் தாழ்த்தி உட்கார வைக்க வேண்டும். அக்காவே அதைக் கண்டுபிடித்து, மடிப்பைக் கையில் பிடித்து நாலு ஊசி குத்தினார். மடிப்பு போய்விட்டது. இரண்டாவது, இறங்கிய தோள். அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் தடித்த தோள் பேட் வைத்தால் போதும். அதற்கும் சாக்பீஸ் கோடு விழுந்தது. மூன்றாவதில்தான் சிக்கல். அக்கா கையின் அகலத்தைப் பிடித்து, "கை லூஸாக இருக்கிறது, டைட் பிடிக்கிறேன்" என்றார். சாக்பீஸ் கோடு கையின் நீளத்துக்குப் போட்டார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. கை லூஸாக இருந்தால் முன்பக்கமும் தொளதொளவென்று இருக்கும். இங்கே பின்பக்கம் மட்டும் தொங்குகிறது. என் கை தொங்கும் கோணமும் கோட்டுக் கையை வைத்த கோணமும் வேறு வேறு. அகலத்தைக் குறைத்தால் அலை இன்னும் இறுகுமே தவிரப் போகாது. கையைத் தோளில் பிரித்து, கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். இதை அக்காவுக்கு விளக்கப் பார்த்தேன். தலையாட்டினார். சீட்டில் என்ன எழுதினார் என்று செயலியில் பார்த்தால் "இடது கை, 1 செ.மீ. குறைக்க" என்று வந்தது. சரி, இது சீட்டில் முடியாத காரியம் என்று புரிந்தது. தைக்கிறவரை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

தைக்கிற வீடு

கடைகள் இதற்கு எளிதில் சம்மதிப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் கேட்டபோது அக்கா ஒரு நிமிடம் யோசித்தார், அப்புறம் உள்ளே பார்த்து ஏதோ குரல் கொடுத்தார். ஒரு பையன் வந்தான். பழைய நகரத்தின் தெருக்களில் பகலில் சில மணி நேரம் மோட்டார் வண்டிக்குத் தடை. அதனால் கோட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு சந்து வழியாக நடந்து, வெளியே நிறுத்தியிருந்த வண்டியில் ஏறினோம். கடைக்கும் தையல்காரருக்கும் இடையில் துணி இப்படித்தான் ஒரு நாளைக்குப் பல தடவை போய்வருகிறது போல. மழைக்காலத்தில் அந்தப் பையன் பாடு திண்டாட்டம்தான்.

வீடு சாதாரண வீடு. முன்னறையில் மெஷின்கள், ஒரு நீளமான வெட்டும் மேசை, சுவரில் ஆணியடித்துத் தொங்கும் காகிதப் பாட்டன்கள், அதாவது துணியை வெட்டுவதற்கான அளவு மாதிரிகள். எதிர்ச்சுவரில் சரம் சரமாகச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் துண்டுத் துணி. ஏதேதோ நாட்டுக்காரர்களுடைய மார்பும் இடுப்பும் அங்கே தொங்கிக்கொண்டிருந்தன. என்னுடையதை நானே கண்டுபிடித்தேன்.

கோட்டு தைப்பவர் வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். பொதுவான மொழி எங்களுக்குள் கிடையாது. கோட்டைப் போட்டுக்கொண்டு கையைத் தொங்கவிட்டு அவருக்கு முதுகு காட்டி நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னக் கத்தரியால் இடது தோளில் கச்சா தையலை நாலைந்து இடத்தில் நறுக்கி, வெள்ளை நூலை இழுத்துப்போட்டார். கை தோளிலிருந்து கழன்று தொங்கியது. கையின் தலைப்பகுதியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக முன்னால் திருப்பினார், நிறுத்தினார், கொஞ்சம் பின்னால் விட்டார். எதிரே இருந்த கண்ணாடி அலமாரியில் எனக்கும் தெரிந்தது: துணி சட்டென்று நேராக விழுந்தது. அந்த இடத்தில் ஊசி குத்தி, கையிலும் கோட்டிலும் சேர்த்து ஒரே கோடாகச் சாக்பீஸ் இழுத்தார். நகர்த்தியது ஒரு சென்டிமீட்டர் இருக்கும். பிறகு அக்கா கையின் நீளத்துக்குப் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைக் காட்டி, என்னைப் பார்த்து, இது வேண்டாம்தானே என்கிற மாதிரி கை அசைத்தார். நான் தலையாட்டியதும் தூரிகையால் அதைத் தட்டிவிட்டார்.

மொத்தமும் ஐந்து நிமிட வேலை. லைனிங் ஏறிய பிறகு என்றால் இதே காரியத்துக்கு அரை நாள், அதனால்தான் யாரும் செய்ய விரும்புவதில்லை. கச்சா தையலில் ட்ரையல் கேட்டதன் பலன் இங்கே கிடைத்தது. கூடவே இன்னொன்றும் கவனித்தேன்: காலர் திருத்தத்தையும் தோள் இறக்கத்தையும் அவர் கோட்டில் மட்டும் செய்யவில்லை. ஆணியில் தொங்கிய என் காகிதப் பாட்டனை எடுத்து, பின்கழுத்தில் பென்சிலால் கோடு போட்டு வெட்டிவிட்டார்.

கூடுதல் பேன்ட்

அடுத்த ட்ரையலில் கோட்டு நன்றாக இருந்தது. முதுகு சுத்தம், கை நேர். உட்கார்ந்து பார்த்தேன், கையை உயர்த்திப் பார்த்தேன், பொத்தான் போட்டபடி குனிந்து பார்த்தேன். பொத்தான் போட்டதும் இடுப்பில் எக்ஸ் வடிவில் சுருக்கம் விழுந்தால் அங்கே டைட் என்று அர்த்தம்; லேசாக விழுந்தது, பக்கத் தையலில் கொஞ்சம் விட்டுக் கொடுத்தார்கள். சூட்டோடு வந்த பேன்ட் ஷூமேல் ஒரே ஒரு சின்ன மடிப்போடு நின்றது.

கூடுதல் பேன்ட்டைப் போட்டதும் ஏதோ இடித்தது. அளவு கச்சிதம். நிறம் கடை விளக்கில் அதே கருநீலம். ஆனால் தொடையில் உரசும்போது சத்தம் வேறு மாதிரி, கொஞ்சம் வழவழப்பு. பர்ஸிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் இயற்கை வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்தேன். துண்டு கருநீலம், பேன்ட்டில் லேசான ஊதா. மடித்த ஓரத்தின் உள்ளே இருந்து ஒரு நூல் இழுத்து லைட்டரில் காட்டினால், மணி.

சண்டை போடவில்லை. துண்டையும் பேன்ட்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சீட்டில் ஸ்டேப்ளர் அடித்திருந்த துண்டையும் காட்டச் சொன்னேன். மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும்போது பேசுவதற்கு ஒன்றுமில்லை. அந்தத் துணிக்கட்டு தீர்ந்துவிட்டது, வெட்டுபவர் பக்கத்துத் துணிக்கட்டை எடுத்துவிட்டார் என்றார்கள். உண்மையாகவும் இருக்கலாம். சூட்டுக்கு மூன்று மீட்டருக்கு மேல் போகும், கூடுதல் பேன்ட்டுக்கு இன்னும் ஒன்றேகால் மீட்டராவது வேண்டும். கட்டில் அவ்வளவு இருக்கிறதா என்று விரித்து அளந்து பார்த்தபின் ஆர்டர் எழுதுவதுதான் முறை. கடை பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதத்தில் குறை இல்லை. துணிச் சந்தையிலிருந்து அதே துணியை வரவழைத்து மறுநாள் சாயங்காலத்துக்குள் புதிதாகத் தைத்துக் கொடுத்தார்கள். மீதிப் பணம் என் கையில் இருந்ததும், விமானம் உடனே இல்லை என்பதும் அதற்கு உதவியிருக்கும்.

சட்டைகள்

சட்டையில் சொல்ல அதிகம் இல்லை. முதலில் ஒன்று மட்டும் தைக்கச் சொன்னேன். வந்ததும் ஓட்டலில் துவைக்கப் போட்டு, காய்ந்ததும் போட்டுப் பார்த்தேன். பருத்தி 2, 3 சதவீதம் சுருங்குவது சகஜம். 40 சென்டிமீட்டர் காலரில் அது ஒரு சென்டிமீட்டர், அதாவது மேல் பொத்தான் போட முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள வித்தியாசம். கை ஒன்றரை சென்டிமீட்டர் ஏறியிருந்தது. அந்த அளவைச் சேர்த்துச் சீட்டைத் திருத்தி, அடுத்ததைத் தைக்கக் கொடுத்தேன். முதல் சட்டைக்குக் கைநுனியைப் பிரித்து நீளம் கொடுத்தார்கள், காலர் நல்லவேளையாகப் போதுமானதாக இருந்தது. பெரிய கட்டம் போட்ட துணி எடுத்தால் பாக்கெட்டிலும் முன்பட்டியிலும் கட்டம் ஒட்டி வர வேண்டும் என்று சீட்டில் எழுத வேண்டும், துணியும் கூடுதலாகப் பிடிக்கும். நான் வெற்று நிறத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

கொண்டுவந்ததும் அதற்குப் பிறகும்

கோட்டைப் பெட்டியில் வைக்க, ஒரு தோளை உள்வெளியாகத் திருப்பி, மற்றத் தோளை அதற்குள் செருகி, லைனிங் வெளியே தெரியும்படி நீளவாக்கில் மடித்து, நடுவில் சட்டைகளைச் சுருட்டி வைத்தேன். வந்ததும் குளியலறையில் வெந்நீர் ஆவியில் ஒரு இரவு தொங்கவிட்டால் கம்பளி தானே நிமிர்ந்துகொள்கிறது. இஸ்திரிப் பெட்டியை நேரடியாக வைத்தால் பளபளப்பு வந்துவிடும், ஈரத் துணி ஒன்றை மேலே போட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

பொத்தான்கள் எல்லாம் மெஷினில் ஒரே நூல் சங்கிலித் தையலில் போட்டிருந்தார்கள். ஒரு நுனியை இழுத்தால் முழுதும் உருவிக்கொண்டு வரும் ரகம். ஒன்று கழன்றதும், மற்றதையும் வெட்டியெடுத்து எல்லாவற்றையும் கையால் தைத்துவிட்டேன். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியைக் கொடுத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டால் பொத்தான் சரியான உயரத்தில் நிற்கும். பின்னாளில் பேன்ட் இடுப்பில் இரண்டு சென்டிமீட்டர் பிரித்துவிட வேண்டியிருந்தது. உள்ளே விட்டிருந்த துணி இருந்ததால் தையல் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே முடித்துக் கொடுத்தார்கள்.

சட்டை மட்டும் இன்னொன்று அதே கடையில் சொல்லி அஞ்சலில் வரவழைத்தேன். திருத்திய சீட்டின் படத்தையே அனுப்பினேன், துணியும் பழைய துணிதான், சரியாக வந்தது. கோட்டையும் இப்படிக் கேட்கலாமா என்றால், அந்தப் பெரியவர் ஆணியில் மாட்டிவைத்த பாட்டனைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பின்கழுத்தில் வெட்டிய கோடு அதில் தெரிந்தால் ஆர்டர் கொடுப்பேன்.